நம்பிக்கை போய்விட்டது என்கிறார்கள், வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற இடமும் கேட்கிறார்கள்: யூத விருந்தினர் பற்றி ஒரு கேள்வி

பிரப்பன்வலசை தங்கல்:

கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் காற்றில் இழுக்க, பலகையில் கடல்மேல் சறுக்குவது) பழக வருகிறவர்களுக்கு நாலு அறை வாடகைக்கு விடுகிற இடம் எங்களுடையது. ஜனவரி நடுவில், வாடைக்காற்று நன்றாக இருக்கிற நேரமாகப் பார்த்து, இஸ்ரேலிலிருந்து ஒரு ஜோடி தங்க வருகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அறை, காற்று, சாப்பாடு என்று விசாரித்து எழுதிய மடலில் நடுநடுவே அவர்கள் சொல்லியிருப்பதுதான் பிடிபடவில்லை.

பையனுக்கு அம்மா யூதர். காசா போருக்குப் பிறகு ஜெபம் செய்யவே முடியவில்லை, நான் இன்னும் யூதன்தானா என்பதே சந்தேகமாக இருக்கிறது என்கிறார். பெண்ணுக்கு அப்பா மட்டும் யூதர். உக்ரைனிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். இரண்டு வருடம் ராணுவத்தில் இருந்திருக்கிறார். ஆனால் கல்யாணம் என்று போய் நின்றால் "நீங்கள் யூதரே இல்லை" என்று அங்கே சொல்லிவிடுகிறார்களாம். கடவுளை நம்பாதவர் யூதர், நாட்டுக்காக ராணுவத்துக்குப் போனவர் யூதர் இல்லை. இது என்ன கணக்கு?

அதே மடலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏற்ற இடம் வேண்டும், இறால் நண்டு வேண்டாம் என்றும் இருக்கிறது. நம்பிக்கை போய்விட்டது என்கிறவருக்கு விளக்கு எதற்கு? நையாண்டியாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? சமையலில் எவ்வளவு தூரம் போகணும்? ஊரில் யாராவது காசாவைச் சொல்லிச் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது? பெரியபட்டினத்தில் பழைய யூதர் தடயம் ஏதோ உண்டு என்று கேள்வி, கூட்டிப்போய்க் காட்ட ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

கணக்கு ஒன்று இல்லை, இரண்டு. மதச்சட்டத்தின் கணக்கு வேறு, அரசாங்கத்தின் கணக்கு வேறு. உங்கள் விருந்தினர் இருவரும் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கிறார்கள்.

மதச்சட்டம்: தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர். ஏறத்தாழ கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூலில், கித்துஷின் என்ற பகுதியில் இதற்கான விதி வருகிறது. அந்த விதியில் நம்பிக்கை என்ற பேச்சே கிடையாது. பின்னால் மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூது இன்னும் ஒரு படி மேலே போய், பாவம் செய்தாலும் இஸ்ரவேலன் இஸ்ரவேலன்தான் என்கிறது. ஆகவே பையன் கடவுளே இல்லை என்று சொன்னாலும், கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேரில் ஒருவர் குறைந்தால் அவரை இழுத்து உட்காரவைத்து எண்ணிக்கொள்வார்கள். உள்ளே வர வாசல் உண்டு. வெளியே போகத்தான் வாசல் வைக்கவில்லை. சந்தேகம் வந்தால் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அது மட்டும் போதாது. எதை விட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். அந்தப் பெயரால் ஒரு போர் நடக்கும்போது அது கனக்கும்.

விளக்கு எதற்கு என்று கேட்டீர்கள். வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள், அதை வரவேற்கிற விளக்கு அது. தல்மூதில் எலிஷா பென் அபூயா என்று ஒரு பெரிய அறிஞர் வருகிறார். நம்பிக்கையை விட்டுவிட்டவர். பிறகு அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் "மற்றவன்" என்றே குறிப்பிட்டார்கள். ஓய்வுநாளில் குதிரை ஏறக்கூடாது, இவர் ஏறிப் போகிறார். மாணவர் மேயிர் பாடம் கேட்டபடியே பின்னால் நடந்து வருகிறார். ஓர் இடத்தில் எலிஷா திரும்பிப் பார்த்து, "மேயிர், நீ இங்கேயே திரும்பிவிடு, என் குதிரையின் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தேன், ஓய்வுநாள் எல்லை இதுதான்" என்கிறார். ஓய்வுநாளில் ஊருக்கு வெளியே 2,000 முழத்துக்கு மேல் நடக்கக்கூடாது என்பது விதி. விதியை உடைத்துக்கொண்டு போகிறவரே, இன்னொருவருக்காக அதை அடி அடியாக எண்ணிக்கொண்டும் வருகிறார். நம்பிக்கை போன வீட்டில் விளக்கு ஏன் மிஞ்சுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வெளியே தள்ளிவிட்டதும் உண்டு. ஸ்பினோசா என்ற தத்துவஞானியை ஆம்ஸ்டர்டாம் யூத சபை 1656 ஜூலை 27 அன்று விலக்கிவைத்தது, அப்போது அவருக்கு 23 வயது. அவர் அதற்குப் பிறகு வேறு எந்த மதத்திலும் சேரவில்லை.

இனி அரசாங்கத்தின் கணக்கு. இஸ்ரேலின் குடியேற்றச் சட்டம் 1950-ல் வந்தது. 1970 திருத்தத்தின்படி, யூதர் என்றால் யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறி வந்தவர், வேறு மதத்தில் இல்லாதவர். ஆனால் அதே திருத்தம் யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அவர்களுடைய துணைக்கும் குடியுரிமை தருகிறது. அந்தப் பெண்ணின் குடும்பம் உள்ளே வந்தது இந்தக் கதவு வழியாகத்தான். குடியுரிமை கிடைத்தது, ராணுவ அழைப்பும் வந்தது. கல்யாணம் மட்டும் ரப்பிமார் என்ற மதகுருக்கள் கையில் இருக்கிறது. அங்கே யூதர்களுக்குப் பதிவுத் திருமணம் என்று ஒன்று கிடையாது, ரப்பிமார் தாய்வழிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். எனவே இப்படிப்பட்ட ஜோடிகள் சைப்ரஸ் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்து பதிவு செய்வார்கள், 1963-லிருந்து நீதிமன்றம் அதை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் வழியாக இணையத்தில் செய்துகொள்ளும் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2023 மார்ச்சில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் மதம் மாறிவிட்டால் தீராதா என்று யாராவது கேட்பார்கள். மூன்று பேர் கொண்ட மத நீதிமன்ற அமர்வு முன்னால் வேதக் கட்டளைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும், பிறகு நீரில் முழுக வேண்டும். ஆணாக இருந்தால் விருத்தசேதனமும் உண்டு. சொல்லும்போது சுலபம். ஆனால் வைதிகர்களின், அதாவது பழைய விதியை விடாமல் பிடிக்கிறவர்களின், அமர்வு வருகிறவரை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டில் ஓய்வுநாள் அனுசரிக்கப்படுகிறதா, கூட வாழப்போகிறவர் அதைக் கடைப்பிடிக்கிறாரா என்றும் பார்க்கும். அதாவது அவர் யூதராக வேண்டுமானால், நம்பிக்கையை இழந்துகொண்டிருக்கிற இவர் ஆசாரமானவராக மாற வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க நினைத்து நீங்கள் கை வைக்காதீர்கள்.

சீர்திருத்த யூதர்களின் கணக்கு வேறு. அமெரிக்காவில் அவர்களுடைய ரப்பிமார் சங்கம் 1983-ல், பெற்றோரில் யாராவது ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூத வாழ்க்கையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டால் போதும் என்றது. வைதிகர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கராயிட்டு என்ற சிறு பிரிவு தந்தைவழியே பார்க்கிறது. ஆக, அதே பெண் ஒரு சபையில் யூதர், அடுத்த சபையில் இல்லை.

இரண்டு கணக்கும் எங்கே முட்டுகின்றன என்று பார்க்க 1962 வழக்கு ஒன்று போதும். ஆஸ்வால்ட் ரூஃபெய்சன் போலந்தில் யூதராகப் பிறந்தவர். நாஜிக்களிடமிருந்து தப்பி ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், பிறகு துறவியானார், பெயர் பிரதர் டேனியல். யூதர் என்ற முறையில் குடியுரிமை கேட்டார். மதச்சட்டப்படி அவர் இன்னும் யூதர்தான் என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண ஜனங்கள் பேச்சில் ஒரு கத்தோலிக்கத் துறவியை யூதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பின்னால் சாதாரண வழியில் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கினார். இதற்கு மறுபக்கம் இஸ்ரேல் எழுத்தாளர் யோராம் கனியுக். பதிவேட்டில் மதம் என்ற இடத்தில் "மதமற்றவர்" என்று போடச் சொல்லி வழக்குத் தொடுத்து 2011-ல் ஜெயித்தார். இனம் என்ற இடத்தில் யூதர் என்பது அப்படியே நின்றது.

பையன் ஏதோ தனி ஆள் என்றும் நினைக்க வேண்டாம். பியூ ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கணக்கில், இஸ்ரேலிய யூதர்களில் 49 சதவீதம் பேர் தங்களை மதச்சார்பற்றவர் என்றே சொன்னார்கள். பிரார்த்தனை வேண்டாம், பஸ்கா பண்டிகை விருந்து வேண்டும் என்பது அங்கே பாதி வீட்டில் நடப்பது. போர் இந்த ஏற்பாட்டைத்தான் கலைத்துப்போட்டிருக்கிறது.

ஏலக்கூடம்:

அண்ணே, மீன் விஷயத்தை என்கிட்ட விடுங்க.

விதி அவங்க வேதத்துல, லேவியராகமம் 11-ல இருக்கு: துடுப்பும் வேணும், செதிலும் வேணும். செதில்னா நகத்தால நெம்பினா தோல் கிழியாம கழண்டு வரணும். சுறாத்தோல் சொரசொரன்னு இருக்கிறது இதுல சேராது, அது தோலோட பிஞ்சுதான் வரும். அதனால சுறாப்புட்டு நம்ம ஊர்ப் பெருமைன்னு முதல் நாளே வச்சுடாதீங்க. திருக்கை, கெளுத்தி, விலாங்கு, கணவாய், சிங்கி, இறால், நண்டு எல்லாம் தள்ளுபடி.

விளமீன், சங்கரா, கிழங்கான், சூடை, பாறை கண்ணை மூடிட்டு வாங்கலாம். வஞ்சிரத்துலதான் சந்தேகம் கேப்பாங்க, செதில் பொடிசு, வலையில அடிபடும்போதே உதிர்ந்துடும். கடல்ல இருக்கும்போது செதில் இருந்தா போதும்னு அவங்க சட்டம் சொல்லுது, வஞ்சிரம் ஆகும். சூரைக்கு உடம்பு முழுக்கச் செதில் கிடையாது, தலைக்குப் பின்னாலயும் பக்கத் துடுப்பு ஓரத்துலயும் இருக்கும், அதுவும் ஆகும்.

தப்பு எங்க நடக்கும்னா, வெட்டுற இடத்துல. தோலை உரிச்சு, துண்டு போட்டுக் கொண்டு வந்தா அது என்ன மீன்னு அவங்களால சரிபார்க்க முடியாது. கடைப்பிடிக்கிற ஆளு தோல் இல்லாத துண்டைத் தொடமாட்டாரு. முழு மீனா வாங்கி, அவங்க கண்ணு முன்னால வெட்டுங்க, இல்லாட்டி ஒரு பக்கமாவது தோலை விடச் சொல்லுங்க. அடுத்தது நெத்திலிக் கருவாடு. நெத்திலி மீன் ஆகும், ஆனா உள்ளங்கையில ஒரு பிடி எடுத்து விரிச்சுப் பாருங்க, கூனி இறாலும் பொடி நண்டும் கணவாய்க் குஞ்சும் கூடக் கிடக்கும். கருவாடே வேண்டாம்.

மீனுக்கு அறுப்பு முறை கிடையாது, உப்புப் போட்டு ரத்தம் எடுக்கிற வேலையும் இல்ல. கறிக்குத்தான் அதெல்லாம். கறிக்கு அவங்க ஆளே அவங்க முறையில அறுக்கணும், நம்ம பக்கத்து ஹலால் கறி அதுக்கு ஆகாது. ஆட்டுக்கறி, கோழி பேச்சையே எடுக்காதீங்க. கறி இல்லைன்னா பாலையும் கறியையும் பிரிக்கிற தலைவலியும் போச்சு.

சட்டி: நேத்து இறால் பொரிச்ச எண்ணெயும் சட்டியும் ஆகாது. புதுசா ஒரு மண்சட்டி வாங்குங்க. எவர்சில்வர், இரும்பு, கண்ணாடி புதுசா வாங்கினா அதை நீர்நிலையில முக்கி எடுக்கிற சடங்கு ஒண்ணு உண்டு, அதுக்குக் கடலே செல்லும், வேணும்னா அவங்களே உங்க வாசல்ல இறங்கி முக்கிக்குவாங்க. மெருகு போடாத மண்சட்டிக்கு அது தேவையில்ல. அடுப்பை நாங்க பத்தவைக்கிறோம்னு கேட்டா தீப்பெட்டியைக் கையில கொடுத்துடுங்க. அதுக்கும் விதி இருக்கு, உங்களைச் சந்தேகப்படுறாங்கன்னு எடுத்துக்க வேணாம். முட்டையை ஒவ்வொண்ணா கிண்ணத்துல உடைச்சுப் பாருங்க, ரத்தப் பொட்டு இருந்தா கொட்டிடுங்க. கீரையில பூச்சி பார்க்கணும்.

இதுல எவ்வளவு அவங்களுக்கு வேணும்கிறது வேற. இறாலும் நண்டும் வேண்டாம்னு மட்டும் எழுதியிருந்தா பெரும்பாலும் அதோட சரி, சட்டி வரைக்கும் போகமாட்டாங்க. ஒரு தடவை மட்டும் கேளுங்க. பொங்கலை ஒட்டிப் படகு குறையும், முழு மீன் வேணும்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வையுங்க.

கச்சான்:

எல்லாம் சரி. காசா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி செத்தவர்கள் எண்ணிக்கை 2025 ஆகஸ்டுக்குள் 60,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த ராணுவத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு மண்சட்டி, அகல்விளக்கு, முழு மீன். அங்கே மாவு மூட்டைக்கு வரிசையில் நின்றவனைச் சுட்டார்கள். "எனக்கு நம்பிக்கை போய்விட்டது" என்று சொல்லிவிட்டால் போதுமா? அறை இல்லை என்று எழுதிவிட்டுப் போவதுதானே மரியாதை?

கீழக்கரை லாத்தா:

கச்சான் தம்பி, கோபம் நியாயமானதுதான், எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெண் ராணுவத்தில் எந்த வருடம் இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே ஆண்களுக்கு மட்டுமில்லை, பெண்களுக்கும் கட்டாயச் சேவை. மறுக்கலாம்தான், அதற்கு மனசாட்சிக் குழு என்று ஒன்று இருக்கிறது. எந்தப் போரும் வேண்டாம் என்பவர்களைத்தான் அது பரிசீலிக்கும். இந்தப் போர் மட்டும் வேண்டாம் என்பது மறுப்புக்குக் காரணமாகாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அப்படி மறுப்பவர் சிறைக்குத்தான் போக வேண்டும். வருகிற பையன் போய்வந்தவரா, மறுத்து உள்ளே இருந்தவரா என்பதும் தெரியாது. மண்டபம் இலங்கை அகதி முகாமில் இருந்து வந்த பிள்ளையிடம் முதல் வார்த்தையாக "நீ புலியா?" என்று கேட்ட ஆட்கள் நம்ம ஊரில் இருந்தார்கள். நாம் அதைச் செய்ய வேண்டாம்.

பையனுக்கு ஏன் ஜெபம் வரவில்லை என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், தங்கல்காரர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2023 அக்டோபர் 7 சனிக்கிழமை, அவர்களுக்கு ஓய்வுநாளும் சிம்ஹாத் தோரா பண்டிகையும் ஒன்றாக வந்த நாள். தோரா என்ற வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற பண்டிகை அது. அன்று ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிடித்துப் போனார்கள். இனி ஒவ்வொரு வருடமும் அந்தப் பண்டிகை அந்த நினைவோடுதான் வரும்.

அதற்குப் பிறகு நடந்ததில் அவர்களுடைய வேதமே இரண்டு பக்கமும் இழுபட்டது. பிணைக்கைதிகளை மீட்பதைவிடப் பெரிய கடமை இல்லை என்று 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ் எழுதியிருக்கிறார். கைதிகளை அளவுக்கு மீறிய விலை கொடுத்து மீட்கக்கூடாது என்று மிஷ்னா சொல்கிறது, மீட்டால் கடத்தல் பெருகும் என்று தல்மூது காரணம் காட்டுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் ரோத்தன்பர்க் மேயிர் என்ற பெரிய ரப்பி சிறைப்பட்டபோது, தனக்காகப் பணம் கட்ட வேண்டாம் என்று தடுத்துவிட்டதாகச் சொல்வார்கள், 1293-ல் சிறையிலேயே இறந்துபோனார். ஒப்பந்தம் போட்டு எல்லோரையும் கொண்டுவா என்று தெருவில் நின்றவர்களும், போடாதே என்றவர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் நீட்டினார்கள்.

போர்முறையும் அப்படியே. உபாகமம் 20-ஆம் அதிகாரம், நகரத்தை நெருங்கினால் முதலில் சமாதானம் கூறு என்கிறது. புது வீடு கட்டியவன், திராட்சை நட்டவன், பெண் நிச்சயித்தவன், பயப்படுகிறவன் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்கிறது. முற்றுகையில் கனிமரத்தை வெட்டாதே என்கிறது. முற்றுகையிட்டால் மூன்று பக்கம் மட்டும் வளைத்து, தப்பிக்க நாலாவது பக்கத்தைத் திறந்து வை என்று மைமோனிடஸ் விதி சொல்கிறார். அதே உபாகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் அமலேக்கு என்ற பழைய எதிரிக் கூட்டம் செய்ததை நினைத்துக்கொள் என்றும் இருக்கிறது, அந்தக் கூட்டத்தை அடியோடு அழிக்கச் சொல்கிற இடம் அது. 2023 அக்டோபர் 28 அன்று இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு எடுத்துச் சொன்னது அந்த "நினைத்துக்கொள்" வசனத்தை. சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா போட்ட வழக்கில் அதுவும் வாசிக்கப்பட்டது. சின்ன வயதிலிருந்து படித்த ஒரே புத்தகத்திலிருந்து மரத்தை வெட்டாதே என்பதையும் அமலேக்கையும் ஒரே வாரத்தில் கேட்கிறவன் எந்தப் பக்கத்தைத் திறந்து ஜெபிப்பான்? அவனுக்கு அவன் கடவுளிடம் சண்டை. அது அவர்கள் மரபில் புதுசும் இல்லை. சோதோமை அழிக்கப் போகும்போது இப்ராஹீம் ஐம்பது நல்லவர் இருந்தால் விடுவாயா என்று தொடங்கிப் பத்து வரைக்கும் பேரம் பேசினாரே.

நம் பக்கத்து ஆட்களிடம் பேச ஒரு வழி சொல்கிறேன். ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போல என்ற வசனம் குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தில், 32-ஆவது வசனம். அது தொடங்குவதே "இஸ்ராயீலின் மக்களுக்கு நாம் விதித்தோம்" என்றுதான். யூதரின் மிஷ்னாவிலும் இது உண்டு. டீக்கடையில் வாக்குவாதம் வந்தால் இதைச் சொன்னால் குறைந்தது இரண்டு பேராவது உட்காருவார்கள்.

நடைமுறையில்: நாட்டை மறைக்காதீர்கள். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தே ஆகணும், நம்ம ஆட்கள் சி ஃபாரம் என்று சொல்வது. அதில் இருக்கிறபடியே போடுங்கள். ஊருக்குள் கூட்டிப்போகும்போது "இஸ்ரேல்காரர்" என்று அறிமுகம் செய்யவும் வேண்டாம், "போரை எதிர்க்கிற நல்ல யூதர்" என்று பட்டம் கட்டவும் வேண்டாம். இரண்டாவதுதான் மோசம், அதைச் சொன்ன உடனே நாலு பேர் நடுவில் அவர் பரீட்சை எழுத வேண்டியதாகிவிடும். பெயரைச் சொல்லுங்கள், காற்றுப் பழக வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள், போதும். யாராவது நேரடியாகக் கேட்டால் பதில் அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ராணுவத்தில் என்ன செய்தீர்கள் என்று நீங்களும் கேட்க வேண்டாம்.

அறை இல்லை என்று எழுதலாமா என்றால், அது உங்கள் வீடு, உங்கள் முடிவு. பாஸ்போர்ட்டைப் பார்த்து மறுப்பதற்கும் ஆளைப் பார்த்து மறுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது மட்டும் என் கருத்து.

கச்சான்:

லாத்தா சொன்னதில் மனசாட்சிக் குழு விஷயம் தெரியாது எனக்கு. ஆனால் கட்டாயச் சேவை என்பதால் பொறுப்பு கழிந்துவிடும் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்றபடி தங்கல்காரர் இஷ்டம்.

கல்லும் கடலும்:

பெரியபட்டினம் பற்றி. எதிர்பார்ப்பைக் குறைத்துச் சொல்லிக் கூட்டிப்போங்கள். பாண்டியர் காலத்தில் பெரிய துறைமுகம், அகழ்வில் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. ஹீப்ரு எழுத்துள்ள கல்லறைக் கல் ஒன்றும் அங்கே கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் இன்று போய் நின்று காட்ட ஒரு ஜெபாலயச் சுவரோ கல்லறைத் தோட்டமோ கிடையாது. இருப்பது ஊர், தர்கா, கடற்கரை, உழுத மண்ணில் சில ஓடுகள். ஓட்டைப் பொறுக்கிப் பையில் போட விடாதீர்கள்.

நின்று பார்க்க ஒரு கட்டடம் வேண்டுமென்றால் கொச்சி மட்டாஞ்சேரி ஜெபாலயத்துக்குப் போகணும், 1568-ல் கட்டியது. அங்கே போனால் இன்னொன்றும் தெரியவரும். அந்த ஜெபாலயத்தில் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்குச் சம இடம் கிடையாது, தலைமுறை தலைமுறையாகத் தரையிலும் வாசலிலும் உட்காரவைத்தார்கள். அந்த வழியில் வந்த ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் 20-ஆம் நூற்றாண்டில் சத்தியாகிரகம் செய்துதான் அதை மாற்ற வைத்தார். இஸ்ரேல் போன பிறகும் இது விடவில்லை. மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்களிடம் 1960-களின் தொடக்கத்தில் ரப்பிமார் கல்யாணத்துக்குத் தாய்வழி விசாரணை கேட்டார்கள். அவர்கள் போராடி 1964-ல் அந்த உத்தரவை மாற்ற வைத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆபிரகாம் பென் யிஜு, 12-ஆம் நூற்றாண்டு வணிகர், துனிசியாவிலிருந்து வந்து மங்களூரில் வாழ்ந்தார். 1132 அக்டோபர் 17 அன்று ஆஷு என்ற இந்திய அடிமைப் பெண்ணை விடுதலை செய்து பத்திரம் எழுதினார், அவருக்கு யூதப் பெயரும் வைத்தார். அந்தப் பெண்தான் அவருடைய பிள்ளைகளின் தாய் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பத்திரம் கெய்ரோ ஜெபாலயத்தின் பழைய தாள் குவியலில் கிடைத்தது. பிள்ளைகள் யூதராக எண்ணப்பட அந்த ஒரு தாள் தேவைப்பட்டது. தாய்வழிப் பிறப்பு என்று இன்று அடித்துப் பேசுகிற எத்தனையோ வம்சத்தில் எங்கேயோ ஓர் ஆஷு இருப்பார்.

பிரப்பன்வலசை தங்கல்:

எல்லோருக்கும் நன்றி. அறை கொடுப்பதாக முடிவு செய்துவிட்டோம். மீனுக்கு ஏலக்கூடத்துத் தம்பியிடமே சொல்லிவிடுகிறேன். விளக்கு விஷயம் மட்டும் பாக்கி. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? எத்தனை மணிக்கு ஏற்றணும்? அவர்களில் யார் ஏற்றணும், பெண்தானே?

ஏட்டுச்சுரைக்காய்:

குத்துவிளக்கு வேண்டாம். சாமிக்கு ஏற்றிய விளக்கை அவர்கள் சடங்குக்கு எடுத்துக்கொள்வதில்லை, வேண்டாம் என்று சொல்லவும் சங்கடப்படுவார்கள். புது அகல் இரண்டு, சற்றுப் பெரியதாக. சாப்பாடு முடியும்வரை எரிய வேண்டும், சின்ன கார்த்திகை அகல் அதற்குள் அணைந்துவிடும். கண்ணாடி டம்ளரில் முக்கால் தண்ணீர் ஊற்றி மேலே எண்ணெய் விட்டு மிதவைத் திரி போட்டாலும் சரி. நல்லெண்ணெய் தாராளமாக ஆகும், மிஷ்னாவின் ஓய்வுநாள் பகுதியில் அனுமதித்த எண்ணெய்ப் பட்டியலிலேயே எள்ளெண்ணெய் இருக்கிறது. பஞ்சுத்திரி போடுங்கள். மெழுகுவத்தியே கையில் கொண்டு வந்தாலும் வருவார்கள்.

ஏற்றுவது சூரியன் மறைய 18 நிமிடம் முன்னால். ஜனவரி நடுவில் நம் கரையில் 6.10 வாக்கில் மறைகிறது, ஆக 5.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறைந்த பிறகு ஏற்றக்கூடாது, அதனால் ஐந்தரைக்கே எல்லாம் மேசையில் இருக்கட்டும். வடகிழக்கு ஜன்னல் பக்கம் வைத்தால் வாடை அணைத்துவிடும், சாமி படத்துக்கு முன்னாலும் வேண்டாம். அவர்கள் சடங்குக்கு உடையாத முழு பன் இரண்டு, ஒரு கிளாஸ் திராட்சைச் சாறு வையுங்கள். கடைச் சாறு வேண்டாம் என்றால் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்துகொள்ளலாம், பெனே இஸ்ரேல் வீடுகளில் அப்படித்தான். ஏற்றியபின் விளக்கை நகர்த்தவோ ஊதவோ உங்கள் ஆட்கள் யாரும் போக வேண்டாம். மின்விசிறியும் லைட்டும் எரிந்தபடியே இருக்கட்டும்.

யார் ஏற்றுவது என்று மட்டும் கேட்காதீர்கள். வழக்கப்படி வீட்டுப் பெண் ஏற்றுவார், ஆணுக்கும் அந்தக் கடமை உண்டு. ஆனால் இந்த ஜோடியில் வழக்கப்படி ஏற்ற வேண்டியவரைத்தான் சட்டம் யூதர் இல்லை என்கிறது, சட்டம் யூதர் என்கிறவர்தான் ஜெபிக்க முடியவில்லை என்கிறார். தீப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்காரர்கள் அதிகம் செய்கிற தப்பு. விளக்கு ஏற்றிய அரை மணி நேரத்தில் அவர் போனை எடுத்துப் பார்ப்பார், சனிக்கிழமை காலை கைட் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவார். இரண்டுமே ஓய்வுநாள் விதிக்கு விரோதம். "நீங்கள் சனிக்கிழமை இதெல்லாம் தொடமாட்டீர்கள் என்று படித்தேனே" என்று வாயைத் திறக்க வேண்டாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அவர்களுக்குள் இன்னும் முடியாத பேச்சு. சனிக்கிழமைப் பாடம் எத்தனை மணிக்கு வேண்டும் என்று மட்டும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் அந்தப் பட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம்.